கூண்டிலுள்ள பாம்பிற்கு வெம்மை

உயிர்களை மனையகத்தே வைத்து வளர்த்தல் மக்களிடைத் தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். நாய், பூனை, கிளி, புறா முதலியன நம் இல்லங்களில் இடம்பெற்றுள்ளமையை யாவரும் அறிவர். ஆயின், ஒருவர் பாம்பொன்றை விரும்பி வளர்க்கின்றார் என்று கேள்வியுறின், நம்மவருள் சிலர் நகைப்பர், பலர் அஞ்சுவர். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது நம் நாட்டுப் பழமொழியன்றோ? எனினும், இங்கிலாந்து, ஜெர்மனி, அமெரிக்க ஐக்கிய நாடுகள் முதலிய தேசங்களில் நஞ்சில்லாப் பாம்புகளை வீட்டில் வைத்து அன்புடன் பேணுவோர் மிகப் பலராவர். அவர்கள் வளர்ப்பனவற்றுள் மிகுதியாகக் காணப்படுவன இரண்டு. ஒன்று, மேற்கு ஆப்பிரிக்காவிலும் மத்திய ஆப்பிரிக்காவிலும் வாழும் ராயல் பைதான் என்னும் சிறிய மலைப்பாம்பு. மற்றொன்று, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கீழ்ப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட சோளப்பாம்பு.

பாம்பு வளர்க்கப் புகுவோர் முதற்கண் கேட்பது, "இதற்கு உணவு யாது?" என்பதேயாம். அவ்வினாவிற்கு விடை எளிது. எலி கிடைத்தாற் போதும். வளர்ந்த ராயல் பைதானுக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கொருமுறை உணவளித்தால் அமையும். நலமுள்ள பாம்பு சில மாதங்கள் உணவு கொள்ளாதிருப்பினும் அதற்குப் பெருங்கேடொன்றும் நேர்வதில்லை. ஆனால், தகுந்த வெம்மையில்லாத பெட்டியில் அதனை வைத்து வேண்டுமட்டும் உணவளித்தாலோ, அவ்வுணவே அதற்கு நஞ்சாய் முடியும். ஆகலின், பாம்பின் உணவைப்பற்றி ஆராயுமுன் அதன் வெம்மையைப்பற்றி ஆராய்தல் வேண்டும். பாம்பிற்கு வெம்மை ஏன் வேண்டும், எவ்வளவு வேண்டும், குளிர்நாட்டு வீடொன்றில் அதனை எவ்வாறு அளித்தல் கூடும் என்பனவற்றை ஈண்டுச் சுருக்கமாக எடுத்துரைப்போம்.

குளிர்ந்த குருதி என்பது யாது?

பாம்பு, பல்லி, ஆமை, முதலை முதலிய ஊர்வனவற்றைக் குளிர்ந்த குருதியுடையன எனப் பள்ளி நூல்கள் கூறுகின்றன. அப்பெயர் நம்மைச் சிறிது மயக்குவதாகும். வெயில் காய்ந்த பாம்பின் குருதி ஏறக்குறைய நம் குருதியையொத்த வெம்மையுடையதாயிருத்தல் கூடும். ஆகவே, வேறுபாடு வெம்மையின் அளவிலன்று. அவ்வெம்மை வரும் வழியிலேயே உள்ளது. நாம் உண்ணும் உணவின் பெரும்பகுதி உடம்பினுள்ளே வெம்மையாக மாறி, கோடையிலும் மாரியிலும் நம் உடலை ஏறக்குறைய 37 டிகிரியில் நிறுத்துகின்றது. (இக்கட்டுரையிற் குறிக்கும் டிகிரிகள் யாவும் சென்டிகிரேட் அளவாம்.) நம் உடம்பு ஓயாது எரியும் அடுப்பை உள்ளே வைத்துள்ள வீடு போன்றது. பாம்பின் உடம்பில் அத்தகைய அடுப்பு இல்லை. அது சூரியனிடத்தும், சூடேறிய பாறையிடத்தும், மண்ணிடத்தும் வெம்மையைக் கடனாகப் பெற்று வாழ்கின்றது. அடுப்பெரிக்க விறகு வேண்டாமையால் அதற்கு உணவும் மிகக் குறைவாகவே வேண்டும். அதன் சிக்கனத்திற்கும், குளிர்க்கு ஆற்றாத அதன் எளிமைக்கும் காரணம் இஃதொன்றேயாம்.

இவ்விதிக்கு விலக்கும் ஒன்றுண்டு. இந்திய மலைப்பாம்பும் அதற்கு நெருங்கிய உறவுடைய பர்மிய மலைப்பாம்பும் முட்டைகளைச் சுற்றிக்கொண்டு அடைகாக்குங்கால், தசைகளை இடைவிடாது துடிக்கச்செய்து தம் உடம்பிலேயே வெம்மையை உண்டாக்குகின்றன. 1841-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து உயிர்க்காட்சிச்சாலையில் வலான்சியன் என்னும் பிரெஞ்சு அறிஞர் இதனை அளந்து எழுதினார். பலர் அதனை ஐயுற்றனர். 1966-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் நடைபெற்ற ஆராய்ச்சி அவர் கூற்று மெய்யென்று நிலைநாட்டிற்று. ஆயினும், இது தாய்ப்பாம்பு அடைகாக்கும் சில வாரங்களுக்கே உரியது. மற்றைக் காலங்களில் அம்மலைப்பாம்புகளும் புறத்தே கிடைக்கும் வெம்மையையே நம்பி வாழ்கின்றன.

புறத்து வெம்மையை நம்பியுள்ளமையால், ஊர்வன சூழ்நிலைக்கு முற்றும் அடிமைகள் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1944-ஆம் ஆண்டில் ரேமண்ட் கௌல்ஸ், சார்லஸ் போகர்ட் என்னும் அமெரிக்க விஞ்ஞானிகள் இருவர் பாலைநில ஊர்வனவற்றைப்பற்றி வெளியிட்ட ஆராய்ச்சி அக்கருத்தை மாற்றிற்று. அப்பிராணிகள் வெயிலுக்கு வந்தும், நிழலுக்கு ஒதுங்கியும், மணலுள் புதைந்தும், உடம்பைச் சூரியனுக்கு நேரே திருப்பியும், தமக்கு வேண்டிய ஒரு குறுகிய வரம்புக்குள் உடல் வெம்மையைக் காத்துக்கொள்கின்றன என்று அவர்கள் காட்டினர். நம் உடம்பு உள்ளிருந்தே செய்யும் வேலையை ஊர்வன இடம் பெயர்ந்து செய்கின்றன. இவ்வுண்மையை வாசகர்கள் நன்கு மனத்திற்கொள்ளல் வேண்டும். கூண்டைப்பற்றிப் பின்னர்க் கூறப்போவன யாவும் இதனின்றே பிறக்கின்றன. பாம்பிற்கு வெம்மை மட்டும் போதாது. வெம்மையை நாடிச் செல்லவும் அதனைவிட்டு விலகவும் வழி வேண்டும்.

வெம்மை உடம்பினுள் செய்யும் வேலை

உடம்பினுள் நிகழும் ரசாயன மாறுதல்கள் வெம்மை மிகுந்தால் விரைகின்றன, குறைந்தால் தளர்கின்றன. வெப்பநிலை 10 டிகிரி உயருமாயின், அவற்றின் வேகம் இரண்டு அல்லது மூன்று மடங்காகும் என்பது பொதுவிதி. 30 டிகிரியில் சில நாட்களிற் செரிக்கும் இரை, 20 டிகிரியில் அதனினும் இருமடங்கு மும்மடங்கு காலம் வயிற்றிற் கிடக்க நேரும் என்பது இதனாற் பெறப்படும்.

பாம்பு தன் இரையை மெல்லுவதில்லை, முழுதாகவே விழுங்குகின்றது. செரிநீர் வெளியிலிருந்து இரையைக் கரைத்துக்கொண்டு செல்ல, இரையின் குடலிலுள்ள நுண்ணுயிர்கள் உள்ளிருந்து அதனை அழுகச் செய்கின்றன. செரிமானம் முந்துமாயின் பாம்பு பிழைக்கும். அழுகல் முந்துமாயின் கேடு விளையும். குளிர் அழுகலையும் ஓரளவு தாழ்த்துமாயினும், செரிமானத்தை முடக்கி இரையை நெடுநாள் வயிற்றிற் கிடத்துவதால் தீங்கே மிகுகின்றது. அந்நிலையிற் பாம்பு விழுங்கியதைக் கக்கிவிடும். ஒருமுறை கக்கிய பாம்பு செரிநீரையும் உடல்நீரையும் இழந்து நலிவுறுகின்றது. பலமுறை கக்குமாயின் உயிருக்கே இறுதியாகும். இரையைச் செரித்தல் பாம்பிற்கு எத்துணைப் பெருமுயற்சி என்பதை ஒரு செய்தியால் அறியலாம். பெரிய இரையொன்றை உண்ட பர்மிய மலைப்பாம்பின் இதயம் 48 மணி நேரத்துக்குள் நூற்றுக்கு நாற்பது பங்கு பருத்துவிடுகின்றது என 2005-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சியொன்று கூறுகின்றது. இத்துணைப் பெரிய வேலையைக் குளிர்ந்த பெட்டியில் செய்யென்று ஓர் உயிரை விடுத்தல் எவ்வளவு கொடிது!

நோயை எதிர்க்கும் வலிமைக்கும் வெம்மையே துணையாகின்றது. நமக்கு நோய் வந்துழி உடம்பு தானே கொதிக்கின்றது. அதனைக் காய்ச்சல் என்கின்றோம். உள்ளே அடுப்பில்லாத ஊர்வனவற்றிற்குக் காய்ச்சல் எவ்வாறு வரும்? 1974-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் பாலைவன இகுவானா என்னும் பல்லிக்கு நோய்க்கிருமிகளை ஊசிமூலம் செலுத்திப் பார்த்தனர். அப்பல்லி வழக்கத்தினும் சூடான இடத்தைத் தேடிச்சென்று, தன் உடல் வெம்மையை ஏறக்குறைய 2 டிகிரி உயர்த்திக்கொண்டது. மறு ஆண்டில் வெளியான ஆராய்ச்சி இன்னுமோர் உண்மையைக் காட்டிற்று. நோயுற்ற பல்லிகளுள் வெம்மை மிகுந்த அறைகளில் வைக்கப்பட்டவை பெரும்பாலும் பிழைத்தன. வெம்மை குறைந்த அறைகளில் அடைக்கப்பட்டவை பெரும்பாலும் மாண்டன. சூடான இடத்திற்குச் செல்ல இயலாத ஊர்வனவற்றிற்குக் காய்ச்சலென்னும் மருந்தே மறுக்கப்பட்டதாகின்றது. கூண்டிலுள்ள பாம்புகளுக்கு மூச்சுறுப்பு நோய் அடிக்கடி நேர்வதற்குக் குளிர் ஒரு பெருங்காரணம் என்று கால்நடை மருத்துவர்கள் கூறுவதன் பொருள் இப்பொழுது விளங்கும்.

தாய்நிலமும் புற்றும்

இனி, ராயல் பைதானின் தாய்நிலத்தை நோக்குவோம். செனகல் முதல் உகாண்டா வரையுள்ள புல்வெளிகளிலும் திறந்த காடுகளிலும் இது வாழ்கின்றது. கானா, டோகோ, பெனின் என்னும் நாடுகளிலிருந்து ஆண்டுதோறும் இது பெருவாரியாக ஏற்றுமதியாகின்றது. அந்நிலங்களில் பகற்பொழுது வெப்பம் கடுமையாயிருக்கும். ஆயினும், பாம்பு பகல் முழுதும் வெயிலிற் கிடப்பதன்று. எலிவளைகளிலும் கறையான் புற்றுகளிலும் பதுங்கிக் கிடந்து, பொழுது சாய்ந்த பின்னர் இரைதேட வெளிவருகின்றது.

கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது என்று பிறர் உழைப்பைக் கவர்வாரை நாம் பழித்துரைப்பதுண்டு. பழிப்பை ஒருபுறம் ஒதுக்கிப் பார்ப்பின், பாம்பு குடிபுகுந்தமைக்குத் தக்க காரணம் உண்டு. புற்றின் உட்புறம் நண்பகலில் வெந்துவிடுவதில்லை, நள்ளிரவிற் குளிர்ந்துவிடுவதுமில்லை. காற்றும் ஈரப்பதத்துடன் இருக்கின்றது. வாயிலருகே வெம்மை, ஆழத்தே குளிர்ச்சி, எங்கும் மறைவு என்னும் மூன்றும் அங்கே ஒருங்கே அமைந்துள்ளன. நம் நாட்டுப் பாம்பிற்கும் ஆப்பிரிக்க நாட்டுப் பாம்பிற்கும் இவ்விஷயத்தில் வேறுபாடில்லை. நல்ல கூண்டு என்பது இம்மூன்றையும் தன்னுள் அடக்கிய ஒரு செயற்கைப் புற்றேயாம்.

இக்கருத்தை உணர்ந்து எழுப்பப்பட்ட கட்டடமொன்று லண்டன் மாநகரில் உண்டு. ஊர்வனவற்றிற்கெனத் தனிவீடு முதன்முதல் 1849-ஆம் ஆண்டில் லண்டன் மிருகக்காட்சிச்சாலையில் அமைந்தது. அங்கே 1923-ஆம் ஆண்டு முதல் ஊர்வனப் பகுதியின் தலைமையை ஏற்றிருந்த ஜோன் ப்ராக்டர் என்னும் பெண்மணி புதிய வீடொன்றைத் திட்டமிட்டார். 1927-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அவ்வீட்டில், கட்டடம் முழுவதையும் ஒரே அளவாகச் சூடாக்காமல், அவ்வப் பிராணிக்கு ஏற்றவாறு மின்சாரத்தால் வெவ்வேறு அளவில் வெம்மை ஊட்ட வகை செய்யப்பட்டது. சூரிய ஒளியின் ஊதாப் புறக்கதிர்களை உட்புகவிடும் தனிவகைக் கண்ணாடியும் பொருத்தப்பட்டது. இடம்பார்த்து வெம்மையூட்டும் அம்முறையே இன்று வீட்டுக் கூண்டுகளில் சிறிய அளவிற் பின்பற்றப்படுகின்றது.

கூண்டின் அமைப்பு

இங்கிலாந்தில் ஒரு வீட்டறையை எடுத்துக்கொள்வோம். குளிர்காலத்தில் கணப்பு எரியும் பகலில் அவ்வறை 18 அல்லது 20 டிகிரி வெம்மையுடையதாயிருக்கும். இரவில் கணப்பு நின்றபின் அதனினும் குறைந்துவிடும். ராயல் பைதானுக்கு வேண்டுவன இவை: கூண்டின் ஒரு முனையில் வெயில் காயும் இடம் 31 முதல் 33 டிகிரி, மறுமுனை 24 முதல் 26 டிகிரி, இரவிலும் ஏறக்குறைய 23 டிகிரிக்குக் கீழே இறங்காமை. சோளப்பாம்பு இதனினும் குளிர் தாங்குவது. அதற்குச் சூடான முனை 28 முதல் 30 டிகிரியும் குளிர்ந்த முனை 20 முதல் 24 டிகிரியும் இருந்தாற் போதும். கூண்டு முழுவதும் 32 டிகிரியாயிருப்பின் அது பாம்பிற்கு நன்மையன்று. விலகிச் செல்ல இடமின்றி அது வாடும், நீரிழக்கும், உணவை மறுக்கும். கூண்டு முழுவதும் 25 டிகிரியாயிருப்பினும் செரிமானம் தளரும்.

ஒரே பெட்டியுள் இருவேறு வெப்பநிலை நிலவவேண்டுமாயின் பெட்டி போதிய நீளமுடையதாயிருத்தல் வேண்டும். சிறு பெட்டியில் ஒரு முனையைச் சூடாக்கினால் மறுமுனையும் உடனே சூடாகிவிடும். வளர்ந்த ராயல் பைதானுக்கு நான்கடி நீளமேனும் வேண்டும். பெட்டி எதனாற் செய்யப்பட்டதென்பதும் கருதத்தக்கது. கண்ணாடி வெம்மையை எளிதிற் புறத்தே கடத்திவிடும். மரம் அதனினும் பன்மடங்கு மெதுவாகவே கடத்தும். ஆதலின், குளிர்நாட்டில் முன்புறம் மட்டும் கண்ணாடியிட்ட மரப்பெட்டியே சிறந்தது. கண்ணாடித் தொட்டியே உள்ளதாயின், அதன் பின்புறத்திலும் பக்கங்களிலும் தக்கையையோ நுரைப்பலகையையோ வெளியே ஒட்டுதல் நலம். 2022-ஆம் ஆண்டில் பிரிட்டனில் மின்சார விலை பெரிதும் உயர்ந்தபொழுது, ஊர்வன வளர்ப்போர்க்கு வெம்மைச் செலவு பெருங்கவலையாயிற்று. அந்நிலையிற் செலவைக் குறைக்கும் நேர்மையான வழி பெட்டியைப் போர்த்தி வெம்மையைக் காப்பதேயன்றி, பாம்பின் வெம்மையைக் குறைப்பதன்று. ஆயினும், காற்று புகும் துளைகளை அடைத்துவிடலாகாது.

வெம்மை பரவும் வழிகள் மூன்றென்று பௌதிக நூல் கூறும்: கதிர்வீசல், கடத்தல், காற்றின் சலனம் என்பன. வெம்மையூட்டும் கருவிகளையும் இவ்வகையில் நோக்கலாம். மேலிருந்து ஒளியும் வெம்மையும் தரும் மின்விளக்கு சூரியனைப்போலக் கதிர்வீசலால் வெம்மையூட்டுகின்றது. பகற்பொழுதிற்கு இதுவே இயற்கையை ஒத்தது. பீங்கான் வெப்பமூட்டி என்பது ஒளியின்றி வெம்மை மட்டும் தருவது. இருளைக் கெடாமையால் இரவிற்கு ஏற்றது. மின்சார வெப்பப் பாய் என்பது தரையின் கீழோ பக்கத்திலோ வைக்கப்படும் மெல்லிய தகடு. பெரும்பாலும் கடத்தலால் வெம்மை தரும். வெப்பப் பாய் தரையைச் சுடவைக்குமேயன்றிப் பெட்டியிலுள்ள காற்றைப் பெரிதும் சூடாக்காது. ஆகையால், குளிர்ந்த அறையில் அதனை மட்டும் நம்பியிருத்தல் போதாது. அதனைப் பரப்பும்போது தரையில் மூன்றிலொரு பங்கிற்கு மேற்படாமற் பரப்பினாலன்றிக் குளிர்ந்த முனை என்பதே இல்லாது போய்விடும்.

கருவி எதுவாயினும் தெர்மாஸ்டாட் இன்றி அதனைப் பயன்படுத்தலாகாது. தெர்மாஸ்டாட் என்பது குறித்த வெப்பநிலை வந்தவுடன் மின்சாரத்தைக் குறைத்தோ நிறுத்தியோ காக்கும் கருவி. அதன் உணர்முனை தன் இடத்தில் உறுதியாகப் பொருந்தியிருத்தல் வேண்டும். பாம்பு அதனை இழுத்துக் குளிர்ந்த மூலையிற் போட்டுவிடுமாயின், கருவி கூண்டு குளிர்ந்ததென்று எண்ணி இடைவிடாது சூடேற்றிக்கொண்டேயிருக்கும். பாம்புகள் வெந்து மடிவதும், பெட்டிகள் தீப்பற்றுவதும் இத்தகைய சிறு கவனக்குறைவால் நேரக்கூடும்.

வெம்மை ஊட்டும்போது காற்று உலர்ந்துபோகும். ராயல் பைதானுக்கு நூற்றுக்கு ஐம்பத்தைந்து அறுபது அளவாவது ஈரப்பதம் வேண்டும். அது குறையின், சட்டை உரியும் காலத்தில் தோல் துண்டு துண்டாக ஒட்டிக்கொள்ளும். கண்ணின் மேலுள்ள தோலும் கழலாது நின்றுவிடும். அகன்ற நீர்த்தொட்டியும், ஈரமான பாசி இட்ட மறைவிடமும் இக்குறையைத் தீர்க்கும்.

புண்ணும் மறைவும்

ஈண்டு இரண்டு செய்திகளை வற்புறுத்திக் கூறுதல் கடமையாகின்றது. முதலாவது, பாம்பு சுட்டுக்கொள்வது பற்றியது. வெம்மை மிகுந்த பொருளைத் தொட்டால் நாம் உடனே கையை இழுத்துக்கொள்கின்றோம். பாம்போ சூடேறிய விளக்கைச் சுற்றிக்கொண்டும், மிகையாகச் சுடும் பாயின்மேற் படுத்துக்கொண்டும், தோல் வெந்து புண்ணாகும்வரை அசையாதிருத்தல் உண்டு. தன் உதடுகளிலுள்ள குழிகளால் இருளில் எலியின் உடல் வெம்மையை உணரவல்ல ராயல் பைதானுக்கும் இந்நிலை நேர்கின்றது. பெட்டியின் மற்ற இடங்கள் குளிர்ந்திருக்குமாயின், கிடைத்த வெம்மையை விடமாட்டாது அதனையே பற்றிக்கொள்ளும். ஆகவே, பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு விளக்கிற்கும் கம்பிவலைக் கூடு வேண்டும். உள்ளே மின்கம்பி வைத்த சூட்டுக்கல் என்னும் பொருளை அறவே விலக்குதல் நன்று. அது சில இடங்களில் மட்டும் கடுமையாகச் சுடுவது.

இரண்டாவது, மறைவிடம் பற்றியது. பாம்பு அச்சமுள்ள பிராணி. சூடான முனையில் மறைவிடம் இன்றிக் குளிர்ந்த முனையில் மட்டும் அஃது இருக்குமாயின், பாம்பு மறைவையே தேர்ந்து குளிரிற் கிடக்கும். வெம்மைக் கருவிகள் எல்லாம் செவ்வனே நடைபெற்றாலும் பாம்பின் உடம்பு குளிர்ந்தேயிருக்கும். உஷ்ணமானி சரியான எண்ணைக் காட்டுவதால் வளர்ப்பவர்க்கும் காரணம் தோன்றாது. இரு முனைகளிலும் ஒத்த மறைவிடங்கள் இருப்பின், அச்சத்திற்கும் குளிருக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் இடர் அதற்கு நேராது.

உஷ்ணமானி என்றதனால் அளவையைப்பற்றியும் ஒரு சொல். கையால் தொட்டுப் பார்த்து வெம்மையை மதிப்பிடுதல் பிழையாகும். நம் உள்ளங்கையே ஏறக்குறைய 32 அல்லது 33 டிகிரி வெம்மையுடையது. ஆதலால், பாம்பிற்கு மிக உகந்த தரையும் நம் கைக்குச் சூடாகத் தோன்றாது. நமக்கு இதமாகத் தோன்றும் தரை பாம்பிற்கு மிகையாயிருத்தல் கூடும். சூடான முனையில் ஒன்றும் குளிர்ந்த முனையில் ஒன்றுமாக உஷ்ணமானிகள் இரண்டு, பாம்பு கிடக்கும் மட்டத்தில் இருத்தல் வேண்டும். மேற்புறக் கண்ணாடியில் ஒட்டிய உஷ்ணமானி கண்ணாடியின் நிலையைக் கூறுமேயன்றிப் பாம்பின் நிலையைக் கூறாது.

மின்சாரம் தடைப்படின்

குளிர்கால இரவில் புயலாலோ பனியாலோ மின்சாரம் நின்றுவிடின் யாது செய்தல் வேண்டும்? முதற்கண் பதறுதல் வேண்டா. நலமுள்ள வளர்ந்த பாம்பு சில மணி நேரக் குளிரைத் தாங்கவல்லது. பெட்டியைத் திறவாமல், காற்றுத் துளைகளை மட்டும் விட்டு, கம்பளியாற் போர்த்துதல் வேண்டும். நேரம் நீடிக்குமாயின், பாம்பைத் துணிப்பையிலிட்டு, மூடியில் துளையிட்ட நுரைப்பெட்டியொன்றில் வைத்து, துணிசுற்றிய வெந்நீர்ப் பையை அதனருகே, பாம்பின்மேற் படாதவாறு, வைக்கலாம். கரியிட்ட கணப்புச் சட்டியை மூடிய அறையில் வைத்தலாகாது. அதனின்று எழும் கார்பன் மானாக்ஸைடு பாம்பிற்கு மட்டுமன்று, உறங்கும் மக்களுக்கும் எமனாகும். கூண்டு பழைய வெம்மைக்குத் திரும்பிப் பாம்பு தேறும்வரை உணவளித்தலும் கூடாது.

குளிரால் வருந்தும் பாம்பின் குறிகளும் அறியத்தக்கன. உணவை மறுத்தல், உண்டதைக் கக்குதல், சூடான முனையை விட்டு எந்நேரமும் நீங்காதிருத்தல், மூச்சுவிடும்போது சீறொலி கேட்டல், வாயோரத்தில் நுரையோ கோழையோ காணுதல், வாயைத் திறந்தபடி தலையை உயர்த்தி மூச்சுவிடுதல் என்பன அவை. இறுதியிற் கூறிய மூன்றும் மூச்சுறுப்பு நோயின் குறிகளாதலின், காலந்தாழ்த்தாது கால்நடை மருத்துவரை நாடுதல் வேண்டும். மாறாக, எந்நேரமும் நீர்த்தொட்டியிற் கிடத்தலும், குளிர்ந்த மூலையிலேயே ஒண்டுதலும் வெம்மை மிகுந்தமைக்குப் பெரும்பாலும் அடையாளங்களாம்.

நம் நாட்டு நிலைமை

நம் நாட்டில் இது வேறு முறையில் நோக்கத்தக்கது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நல்ல பாம்பு, மலைப்பாம்பு, சாரை முதலிய இந்நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வைத்தல் குற்றமாகும். ராயல் பைதான் போன்ற அயல்நாட்டு இனங்களை வைத்திருப்போர் அவற்றை அரசாங்கத்திற் பதிவு செய்தல் வேண்டும் என்பது 2022-ஆம் ஆண்டின் திருத்தத்தால் ஏற்பட்டது. அன்றியும், நம் தமிழ்நாட்டுச் சமவெளியில் பெரும்பாலும் அச்சம் குளிரைப்பற்றியதன்று, வெயிலைப்பற்றியதே. சித்திரை வைகாசி வெயிலில் கண்ணாடிப் பெட்டியொன்றைச் சாளரத்தருகே சிறிது நேரம் வைத்துவிடின், உள்ளே வெப்பம் 40 டிகிரியை எளிதிற் கடந்துவிடும். பாம்பின் உடம்பும் அவ்வளவு சூடேறி நீடிக்குமாயின் அது பிழைத்தல் அரிது. நாடு மாறினும் விதி மாறுவதில்லை. லண்டனிற் பாம்பிற்குச் செல்லச் சூடான மூலை வேண்டும். சென்னையில் ஒதுங்கக் குளிர்ந்த மூலை வேண்டும்.

நாய் பசித்தாற் குரைக்கும். பூனை குளிர்ந்தால் அடுப்பங்கரையை நாடும். கூண்டிலுள்ள பாம்பிற்கோ குரலுமில்லை, செல்லுமிடமுமில்லை. குளிரால் நலியும் பாம்பு அமைதியாகச் சுருண்டு கிடத்தலின், நற்குணமுள்ள பாம்பென்று வளர்ப்பவர் மகிழ்தலும் உண்டு. அமைதியெல்லாம் நலமென்று கொள்ளலாகாது. அமெரிக்காவில் செயின்ட் லூயி நகரத்து மிருகக்காட்சிச்சாலையில் அறுபது வயதைக் கடந்த ராயல் பைதான் ஒன்று 2020-ஆம் ஆண்டில் முட்டையிட்டது. நன்கு பேணினால் இவ்வுயிர் ஒரு மனிதனின் இளமையையும் நடுவயதையும் உடனிருந்து காணவல்லது. அத்தகைய உயிரை ஒரு பெட்டியில் அடைப்பவர் அதற்குச் சூரியனாகவும் நிழலாகவும் புற்றாகவும் இருக்கும் பொறுப்பை ஏற்கின்றார். அயல்நாடுகளிற் கல்வி கற்கச் செல்லும் நம் மாணவ நண்பர்கள் யாரேனும் அங்கே பாம்பு வளர்க்க விரும்பின், அவர்கட்கு நாம் கூறுவது ஒன்று. முதலிற் கூண்டை அமைத்து, வெம்மைக் கருவிகளைப் பொருத்தி, ஒரு வாரம் இரவும் பகலும் இருமுனை உஷ்ணமானிகளையும் பார்த்து எழுதி வருக. அவ்வெண்கள் தவறாது நிற்குமாயின், பின்னரே பாம்பை வாங்குக.